பணம் எங்கேருந்து வருது?

1992 தொடக்கத்தில் வணிகச் செய்தி என்றால் ஹர்ஷத் மேத்தாதான். 200 ரூபாய்க்குக் கிடந்த ஏசிசி சிமென்ட் பங்கு 9,000 வரை ஏறியது. இன்னும் எவ்வளவு ஏறும் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் சுசேதா தலால் கேட்டது வேறு: இதுக்குப் பணம் எங்கேருந்து வருது?

அரசுப் பத்திரம் வாங்க வங்கிகள் தரகர் வழியாக விட்ட பணம் சந்தைக்குள் போயிருந்தது. வங்கிகளின் கையில் பத்திரம் இல்லை, வெறும் ரசீது. அதிலும் சில போலி. ஸ்டேட் வங்கிக் கணக்கில் 500 கோடி இடித்தது. ஏப்ரல் 23 அன்று செய்தி வெளியானது. முந்தின நாள்தான் சென்செக்ஸ் 4,467-ஐத் தொட்டிருந்தது. ஒரே வருஷத்தில் அது பாதிக்கும் கீழே. ஏறும் விலையை மட்டும் செய்தியில் படித்துவிட்டுக் கடைசியில் வாங்கியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.