பழைய கேரவன் வாங்குவோர் கவனத்துக்கு: எல்லைப் பகுதியில் விலையைவிட ஆவணமே முக்கியம்

பாலக்காடு: கேரள அரசு 2021 செப்டம்பரில் 'கேரவன் கேரளா' என்ற சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. இடுக்கி மாவட்டம் வாகமனில் மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை ஆகியவற்றைக் கொண்ட கேரவனைப் புதிதாக வாங்குவதற்குப் பெரும் தொகை தேவைப்படுவதால், பயன்படுத்திய வண்டியை வாங்குவது குறித்துப் பலர் யோசிக்கின்றனர்.

பாலக்காட்டின் வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பகுதிகளும், இடுக்கியின் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு பகுதிகளும் தமிழகத்தை ஒட்டியவை. இங்கு வசிப்பவருக்கு கோவை, பொள்ளாச்சி, தேனி சந்தைகள் அருகிலேயே உள்ளன. ஆனால், வண்டி சில நிமிடங்களில் கடந்துவிடும் எல்லையை அதன் ஆவணங்கள் அவ்வளவு எளிதில் கடப்பதில்லை. பழைய கேரவன் வாங்குவோர் அறிய வேண்டியவை வருமாறு:

இழுவை வண்டியும் மோட்டார் வாகனமே

கேரவன்கள் இரு வகைப்படும். வேன் அல்லது பேருந்துச் சேசிஸின் மீது கட்டப்பட்டு, சொந்த எஞ்சினில் ஓடுவது ஒன்று. காரின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லும் டிரெய்லர் மற்றொன்று. இந்தியச் சாலைகளில் முதல் வகையே அதிகம்.

எஞ்சின் இல்லாததால் டிரெய்லருக்குப் பதிவு தேவையில்லை என்று கருதுவது தவறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 'மோட்டார் வாகனம்' என்பதற்கான விளக்கத்திலேயே டிரெய்லரையும் சேர்த்துள்ளது. எனவே பதிவுச் சான்று இல்லாத டிரெய்லர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதைச் சாலையில் சட்டப்படி பயன்படுத்த இயலாது.

வேனைக் கேரவனாக மாற்றியிருந்தால்

சாதாரணப் பயணிகள் வேனின் இருக்கைகளை அகற்றிவிட்டு, படுக்கையும் அலமாரியும் பொருத்தி, கேரவன் என்ற பெயரில் விற்பது உண்டு. இத்தகைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பதிவுச் சான்றில் உள்ள வாகன வகையும் இருக்கை எண்ணிக்கையும்தான். வண்டியின் உட்புறம் ஒன்றாகவும் சான்று வேறாகவும் இருந்தால், அது சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு முரணான மாற்றமாகக் கருதப்படலாம். விதிமீறிய மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். மாற்றம் செய்தவர் முந்தைய உரிமையாளராக இருந்தாலும், சோதனையின்போது பதில் சொல்ல வேண்டியவர் வண்டியை வைத்திருப்பவரே.

வாடகைக்கு விடும் எண்ணம் உள்ளவர்கள் எண் பலகையின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். வெள்ளைப் பலகை கொண்ட தனிநபர் வாகனத்தை வாடகைக்கு ஓட்ட அனுமதி இல்லை. மஞ்சள் பலகை கொண்ட வாகனத்துக்குப் பெர்மிட், வரி ஆகியவற்றுடன் தகுதிச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். போக்குவரத்து வாகனங்களுக்கான தகுதிச் சான்று முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பின்னர் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

தடையில்லாச் சான்று முதல் பெயர் மாற்றம் வரை

தமிழகப் பதிவு கொண்ட வண்டியைக் கேரளத்துக்கு மாற்ற, அது பதிவு செய்யப்பட்டுள்ள வட்டார போக்குவரத்து அலுவலகத்திடம் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று பெற வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 தேவை. வண்டியின் மீது கடன் இருந்திருந்தால், அது தீர்ந்ததற்கான படிவம் 35-இல் நிதி நிறுவனத்தின் ஒப்பம் இருக்க வேண்டும். கடன் முடிந்துவிட்டதாக விற்பவர் வாய்மொழியாகக் கூறுவது போதாது; பதிவுச் சான்றிலிருந்து நிதி நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

காலக்கெடுவையும் சட்டம் வரையறுத்துள்ளது. ஒரே மாநிலத்துக்குள் விற்பனை நடந்தால் விற்பவர் 14 நாட்களுக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலப் பதிவு வாகனமாயின் 45 நாட்களுக்குள் தடையில்லாச் சான்றை அனுப்ப வேண்டும். வாங்குபவருக்கான கெடு 30 நாட்கள். பெயர் மாற்றாமல் பழைய எண்ணுடனேயே வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதும் விதிமீறலாகும்.

புதிய மாநிலத்தில் செலுத்த வேண்டிய வரி, பேசிய விலையின் மீது கூடுதல் சுமையாகும். சித்தூர், வண்டிப்பெரியாறு, தேவிகுளம், உடும்பஞ்சோலை எனத் தங்கள் பகுதிக்குரிய போக்குவரத்து அலுவலகத்தில் அத்தொகையைக் கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுப்பது நல்லது.

விற்பவருக்கும் ஆபத்து

பெயர் மாற்றம் வாங்குபவரின் பொறுப்பு மட்டுமே என்று எண்ணி, வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டு வண்டியை ஒப்படைப்போர் உள்ளனர். 2007-இல் விற்கப்பட்டு, பெயர் மாற்றமின்றியே அடுத்தடுத்துக் கைமாறிய ஒரு வாகனம் 2009-இல் விபத்தை ஏற்படுத்தியது. அந்த வழக்கில் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்றும், இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது என்றும் கூறியது. வண்டியை விற்றுப் பல ஆண்டுகள் ஆனாலும், பெயர் மாறும்வரை பொறுப்பு விற்றவரை விட்டு நீங்குவதில்லை.

காப்பீட்டை மாற்ற, வாங்குபவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால், தமது வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு பெறுவது கடினமாகும்.

வணிகர் மூலம் வாங்கினால், அவர் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற்றவரா என்று கேட்கலாம். பழைய வாகன வணிகர்களுக்கான அங்கீகார விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. வண்டி தம்மிடம் இருக்கும் காலத்தில் அதற்கு அத்தகைய வணிகரே பொறுப்பாளர்.

இணையத்தில் சரிபார்ப்பது எப்படி?

எம்பரிவாகன் செயலியில் வாகன எண்ணை உள்ளிட்டால் பதிவு நாள், காப்பீடு, தகுதிச் சான்று ஆகியவற்றின் நிலையை அறியலாம். நிலுவை அபராதங்களை இ-சலான் தளத்தில் காணலாம். திருட்டு வழக்கில் தொடர்புடைய வண்டியா என்பதை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் சரிபார்க்கலாம். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் நேரில் பார்த்து, பதிவுச் சான்றுடன் ஒப்பிடுவது கட்டாயம்.

மலையும் மழையும் தரும் சோதனை

2018 ஆகஸ்டில் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. அந்த ஆண்டின் பெருவெள்ளத்தில் கேரளம் முழுவதும் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற வண்டியை வண்ணம் பூசி மறைக்கலாம். ஆனால் தடயங்கள் எஞ்சும். சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும். இருக்கைக்கு அடியில் உள்ள போல்ட்டுகளின் துரு, முகப்பு விளக்கினுள் நீர்க்கோடு, மூடிய அறையில் ஈர வாடை ஆகியவையும் அறிகுறிகளே.

கேரவனுக்கு மழைக்காலம் கடுமையான சோதனை. கூரை இணைப்புகள், சன்னல் விளிம்புகள், தரைப் பலகை ஆகியவற்றை அழுத்திப் பார்க்க வேண்டும். பலகை உப்பியோ மெத்தென்றோ இருந்தால் நீர் உள்ளே இறங்கியுள்ளது என்று பொருள். எரிவாயுக் குழாய், மின் கம்பிகள், கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றை அனுபவமுள்ள பணியாளர்களைக் கொண்டு சோதிப்பது பாதுகாப்பானது.

சமவெளியில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது போதாது. போடிமெட்டு போன்ற மலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில், தண்ணீர்த் தொட்டி நிரம்பிய கேரவனின் எடை பிரேக்கின் மீது விழும். முடிந்தால் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைக் காட்டும். '2319' என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானது. அதிகம் ஓடாமல் நிறுத்தியே வைக்கப்பட்ட கேரவனில், டயர் தேயாமல் தோன்றினாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கலாம். டிரெய்லராயின் இணைப்புக் கொக்கி, பாதுகாப்புச் சங்கிலி, பின்விளக்கு ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும்.

ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களை இலகுரக வாகன உரிமத்துடன் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவுபடுத்தியுள்ளது. எனவே பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையைப் பார்ப்பதும் அவசியம்.

விலையைப் பேசி முடித்தாலும், முழுத் தொகையையும் ஒரே தவணையில் தருவதைத் தவிர்க்கலாம். தடையில்லாச் சான்று கிடைக்கும்போது ஒரு பகுதி, பெயர் மாற்றம் முடிந்ததும் மீதி என எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் செய்து, பணத்தை வங்கி வழியாகச் செலுத்துவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.