பெருங்குடல் புற்றுநோய்: எந்தப் பரிசோதனையைத் தேர்ந்தெடுப்பது?

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை, குடலின் உட்சுவரில் தோன்றும் 'பாலிப்' என்னும் சிறு சதை வளர்ச்சியிலிருந்து உருவாகின்றன. பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். அக்காலத்தில் எந்த அறிகுறியும் தென்படாமல் இருக்கலாம். எனவே, நலமாக இருக்கும்போதே செய்துகொள்ளும் முன்கூட்டிய பரிசோதனை உயிரைக் காக்கிறது.

இந்தியாவின் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றின் புற்றுநோய்களுக்கே பரிசோதனை செய்யப்படுகிறது. பெருங்குடலுக்கான பரிசோதனையை உங்கள் மருத்துவருடன் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு முதல் 45 வயதிலிருந்து இது பரிந்துரைக்கப்படுகிறது. கீழே உள்ள கால இடைவெளிகள் அப்பரிந்துரையைச் சார்ந்தவை.

முக்கியமான முறைகள்

• மலப் பரிசோதனை (ஃபிட்): வீட்டிலேயே சிறிதளவு மலத்தை எடுத்து, அதற்குரிய குழாயில் இட்டு ஆய்வகத்தில் அளிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவை இது காட்டும். உணவுக் கட்டுப்பாடோ மயக்க மருந்தோ தேவையில்லை. ஆனால், இரத்தம் கசியாத பாலிப்புகள் தப்பிவிடக்கூடும். ஆகவே ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

• கொலோனோஸ்கோபி: கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடல் முழுவதும் பார்க்கப்படுகிறது. பாலிப் இருந்தால் பெரும்பாலும் அப்போதே அகற்றலாம். இயல்பாக இருந்தால் அடுத்த பரிசோதனை 10 ஆண்டுகளுக்குப் பிறகே. முன்னதாகப் பேதி மருந்து அருந்திக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். அரிதாக இரத்தப்போக்கோ குடலில் துளையோ ஏற்படலாம்.

• சி.டி. கொலோனோகிராபி: ஸ்கேன் மூலம் குடல் படமெடுக்கப்படுகிறது; 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை. இதற்கும் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். பாலிப் தென்பட்டால் கொலோனோஸ்கோபி தேவைப்படும்.

எது சிறந்தது?

நீங்கள் செய்து முடிக்கக்கூடிய பரிசோதனையே உங்களுக்குச் சிறந்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 997 பேரிடம் நடைபெற்ற ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. கொலோனோஸ்கோபி மட்டும் பரிந்துரைக்கப்பட்டவர்களில் 38 விழுக்காட்டினரே ஓராண்டுக்குள் அதைச் செய்துகொண்டனர். மலப் பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டவர்களில் 67 விழுக்காட்டினரும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அனுமதிக்கப்பட்டவர்களில் 69 விழுக்காட்டினரும் பரிசோதனையை முடித்தனர். எனினும், மூன்றாண்டுகள் கவனித்தபோது, மலப் பரிசோதனையை ஆண்டுதோறும் தவறாமல் செய்தவர்கள் மிகவும் குறைந்துவிட்டனர்.

கூச்சம், அச்சம், செலவு, விடுப்பு, துணைக்கு ஆள் இல்லாமை ஆகிய எதுவானாலும் மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். ஆண்டுதோறும் நினைவில் வைத்துச் செய்ய இயலுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மலத்தில் இரத்தம் இருப்பதாக முடிவு வந்தால்

இது புற்றுநோய் என்று பொருளல்ல; மூலநோயாலும் இரத்தம் கசியலாம். ஆயினும், "மூலமாகத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவதும், மலப் பரிசோதனையையே மீண்டும் செய்து பார்ப்பதும் ஆபத்தானவை. காலம் தாழ்த்தாமல் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். மலப் பரிசோதனையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதற்கும் மனத்தளவில் ஆயத்தமாக இருங்கள்.

இந்தத் தேர்வு யாருக்குப் பொருந்தாது?

மலத்தில் இரத்தம், மலம் கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம், காரணமற்ற எடைக் குறைவு, இரத்தசோகை ஆகியவை உள்ளவர்கள் உடனே மருத்துவரை அணுக வேண்டும். பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருந்தாலும், உங்களுக்கு ஏற்கெனவே பாலிப் அல்லது நீண்டகாலக் குடல் அழற்சி இருந்தாலும், பொதுவாகக் கொலோனோஸ்கோபியே பரிந்துரைக்கப்படும். இளம் வயதிலேயே தொடங்கவும் நேரலாம்.

உடனிருப்போர் கவனத்திற்கு

கொலோனோஸ்கோபிக்கு முன், நீரிழிவு மருந்துகள், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் பற்றி மருத்துவரிடம் தெரிவியுங்கள். தாமாக அவற்றை நிறுத்த வேண்டாம். மயக்க மருந்து அளிக்கப்பட்டால், அன்று அவரை வாகனம் ஓட்ட விடாமல் உடனிருந்து வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். பரிசோதனை முடிவையும் அடுத்த பரிசோதனைக்கான நாளையும் எழுதிப் பாதுகாத்து வையுங்கள்.