கணக்குப் புத்தகம் யார் கையில்?

நியூயார்க் மேயரைப் பற்றி நாம் பேசுகிறோம். அந்நகரின் தலைமை நிதி அதிகாரியான கம்ப்ட்ரோலரைக் கவனிப்பதில்லை. 1801இல் நியமனப் பதவியாகத் தொடங்கிய இது, 1884இல் தேர்தல் பதவியானது. மேயர் நியமிக்காதவர் என்பதால் மேயரின் துறைகளை அவரால் அச்சமின்றித் தணிக்கை செய்ய முடியும். நகரத்தின் மீதான இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தீர்ப்பதும் அவரே.

2014இல் எரிக் கார்னர் என்ற கறுப்பினத்தவர், காவலர் கழுத்தை இறுக்கிப் பிடித்ததில் இறந்தார். கிராண்ட் ஜூரி அக்காவலர் மீது குற்றம் சுமத்தவில்லை. 2015இல் கம்ப்ட்ரோலர் அலுவலகம் குடும்பத்துக்கு 59 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. நகரம் பொறுப்பேற்கவில்லை, பணம் மட்டும் பொதுக் கருவூலத்திலிருந்து போனது.

இழப்பீடு நீதியாகாது. ஆனாலும் அந்த உயிருக்கு நகரம் கொடுத்த தொகை கணக்கில் பதிவாகியிருக்கிறது. தோழர்களே, கணக்கை வாசிக்கவும் கேள்வி கேட்கவும் பழகுவோம். அதுவும் போராட்டம்தான்.