குறிஞ்சிப் பாட்டில் ஒரு குறைந்த அடி



குன்னூரில் பழைய மாணவி ஒருத்தியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. குறுந்தொகை மூன்றாம் பாடலைப் போட்டிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் அச்சகத்தார் நாலு அடியை அழகுக்காக ஆறாக உடைத்துவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

பாடியவர் தேவகுலத்தார். அவர் பேரில் நமக்குக் கிடைத்தது இந்த ஒரே பாட்டு. ஏட்டிலிருந்த குறுந்தொகையை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் அச்சாக்கினார்; 1937இல் உ.வே.சா. விரிவான உரையோடு பதிப்பித்தார். ஏட்டில் அடி பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. யாப்பை வைத்துத்தான் அடி பிரிக்க வேண்டும்.

இது நேரிசை ஆசிரியப்பா. அதாவது, கடைசிக்கு முந்தைய அடியில் மூன்றே சீர். மற்ற அடிகளில் நான்கு நான்கு. மொத்தம் பதினைந்து சீர், எண்ணிப் பாருங்கள். முதல் ஏழு சீருக்குள் நிலம், வானம், நீர் மூன்றும் ஒப்புக்கு வந்து போய்விடுகின்றன. மீதி எட்டும் மலைச்சாரலுக்கும் அவனுக்கும். குறிஞ்சிப் பூவைக் கொள்வது அந்தக் குறைந்த அடியில். அங்கே மூச்சு ஒரு சீர் முன்னதாகவே நிற்கிறது. அடுத்த முழு அடியில் தேன் திரள்கிறது. இரண்டடிக்கும் எதுகை இருப்பதால் பூவும் தேனும் காதில் ஒட்டிக்கொள்கின்றன. எதைப் பற்றி இவ்வளவு பேச்சு என்பது கடைசிச் சீரில்தான் தெரிகிறது. அந்தச் சொல்லும் காதல் அல்ல, நட்பு!

ஆறு வரியாக உடைத்தால் எல்லாமே குறைந்த அடி. அப்புறம் எங்கே நிற்பது?

இன்னொன்று. பன்னிரண்டு வருடக் கணக்கு இந்தப் பாட்டில் இல்லை. மேடைப் பேச்சாளர்கள் சேர்த்தது. எந்த மலை என்றும் புலவர் சொல்லவில்லை. நீலகிரிதான் என்று நாம் மார்தட்ட ஆதாரம் கிடையாது. ஆனால் கோத்தகிரிப் பக்கம் குறும்பர்கள் பாறையில் இறங்கி மலைத்தேன் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த நாலாம் அடிக்கு உரை தேவையில்லை.

துறைக் குறிப்பையும் படியுங்கள். கல்யாணம் பேச வராமல் காலம் கடத்துகிறான் என்று தோழி அவனைப் பழிக்கிறாள். அவன் வேலிக்கு அப்பால் நின்று கேட்கிறான். அதற்குத் தலைவி சொன்ன மறுமொழி இது. அவன் பெண் கேட்டு வந்தானா? அடுத்த பாடலைப் புரட்டினால் அது நெய்தல். வேறு புலவர், வேறு பெண்.