சிவப்பு அண்டை வீடு – 6: புழுதி அடங்கும் வரை

செவ்வாய்க்குப் போக வேண்டுமென்று நினைத்த மாத்திரத்தில் கிளம்பிவிட முடியாது. பூமியும் அதுவும் தோதான இடத்தில் வந்து நிற்க ஏறத்தாழ 26 மாதம் ஆகும். ராக்கெட்காரர்களுக்கு அதுதான் முகூர்த்தம். (நம் மங்கள்யான் புறப்பட்டது 2013 நவம்பர் 5, பிற்பகல் 2.38-க்கு. கிழமை செவ்வாய். மூன்று மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

1971-இல் அமைந்த முகூர்த்தம் விசேஷமானது. அந்த ஆகஸ்டில் செவ்வாய் நம்மிடமிருந்து சுமார் 5.6 கோடி கிலோமீட்டர் தூரத்துக்கு நெருங்கி வந்தது. விடுவார்களா? மே மாதம் மட்டும் ஐந்து கலங்கள் கிளம்பின. அமெரிக்காவின் மாரினர்-8 போன வேகத்தில் அட்லாண்டிக்கில் விழுந்தது. மறுநாளே ஏவப்பட்ட சோவியத் கலத்தின் கதை இன்னும் பரிதாபம். பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த அதைச் செவ்வாயை நோக்கித் தள்ளவேண்டிய என்ஜினுக்கு, நேரத்தைத் தவறாகப் பதித்து அனுப்பிவிட்டார்கள். என்ஜின் எரியவே இல்லை. செவ்வாய்க்குப் போக இருந்தது என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டு, 'காஸ்மாஸ்-419' என்று ஒரு பொதுப்பெயரைச் சூட்டிக் கணக்கை முடித்தது மாஸ்கோ. மிஞ்சியவை மூன்று: சோவியத்தின் மார்ஸ்-2, மார்ஸ்-3, அமெரிக்காவின் மாரினர்-9. முதலிரண்டும் நாலரை டன்னுக்கு மேல் எடை, வயிற்றில் ஆளுக்கொரு லேண்டர். மாரினர் ஒரு டன்தான். தரையிறங்கும் வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. சுற்றிவந்து படம் எடுத்தால் போதும்.

மூன்றும் பாதி வழியைத் தாண்டியிருந்த சமயம், செப்டம்பர் 22-ஆம் தேதி, செவ்வாயின் தென்பாதியில் நோவாக்கிஸ் என்ற பகுதியில் ஒரு வெளிர் மேகம் தெரிந்தது. புழுதி. சில வாரங்களில் அது கோள் முழுவதையும் போர்த்திவிட்டது.

செவ்வாயின் புழுதியை நம்மூர்ப் புழுதியாக நினைத்துவிடக் கூடாது. அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 'தி மார்ஷியன்' படத்தில் ராக்கெட்டையே சாய்க்கப் பார்க்கும் புயல் சினிமாவுக்கு மட்டும்தான் சரி. ஆனால் மண் முகப்பவுடர் போல மாவாக இருக்கும். ஒருமுறை கிளம்பினால் மாதக்கணக்கில் இறங்காது.

நவம்பர் 12, பாசடீனா. மறுநாள் மாரினர் செவ்வாயைச் சேரப்போகிறது. கால்டெக் அரங்கில் ரே பிராட்பரி, ஆர்தர் கிளார்க், கார்ல் சேகன் எல்லாரும் மேடையில் உட்கார்ந்து செவ்வாயைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். கல்யாண வீட்டில் கூட்டம் சேர்ந்தாயிற்று, மாப்பிள்ளை முகம் மட்டும் தெரியவில்லை என்கிற கதை. இன்னொரு கோளைச் சுற்றிய முதல் விண்கலம் என்ற பெயரை மாரினர்-9 வாங்கியது. அனுப்பிய படங்களிலோ பால் ஊற்றிய தட்டு போல ஒரு வெண்மையைத் தவிர ஒன்றுமில்லை.

இங்கேதான் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் தெரிந்தது. மாரினரின் கணினிக்குப் பூமியிலிருந்தே புது உத்தரவு கொடுக்கலாம். “பொறு” என்றார்கள், பொறுத்தது. சும்மா இருக்கும் நேரத்தில் செவ்வாயின் இரண்டு குட்டி நிலாக்களையும் படம் எடுத்தது. இரண்டும் சொத்தை உருளைக்கிழங்கு போல இருந்தன. சோவியத் கலங்களுக்குப் பொறுக்கத் தெரியாது. லேண்டர்கள், தாய்க்கலம் செவ்வாயை நெருங்கும்போதே, சுற்றுப்பாதையில் நுழைவதற்குச் சில மணி நேரம் முன்னதாகப் பிரிந்துவிடும்படி அமைந்தவை. புயலானாலும் இறங்கியே ஆகவேண்டும்.

நவம்பர் 27-இல் மார்ஸ்-2 லேண்டர் தரையில் மோதி நொறுங்கியது. செவ்வாய் மண்ணைத் தொட்ட முதல் மனிதப்பொருள் அதுதான், தொட்ட விதம் எப்படியானாலும். டிசம்பர் 2-இல் மார்ஸ்-3 பத்திரமாக இறங்கியது. அதுவரை யாருக்கும் வாய்க்காத வெற்றி. ஒன்றரை நிமிடத்தில் படம் அனுப்பத் தொடங்கியது. இருபது வினாடிக்குள் பேச்சு நின்றது. வந்து சேர்ந்தது சாம்பல் நிறத்தில் எழுபது வரி. அதில் எதுவும் தெரியவில்லை. புயல்தான் கொன்றது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நிரூபிக்க வழியில்லை. மேலே சுற்றிய இரண்டு தாய்க்கலங்களும் சேர்ந்து அறுபது படங்கள் அனுப்பின.

மாரினரின் வெள்ளைத் தட்டுக்கு வருவோம். உற்றுப் பார்த்தால் அதில் நான்கு கரும்புள்ளிகள். ஒன்று தனியாக, மற்ற மூன்றும் வரிசையாக. தனியானது இருக்கும் இடத்தை வானியலாளர்கள் ஏற்கெனவே அறிவார்கள். தொலைநோக்கியில் வெளுப்பாகத் தெரிந்ததால் 'ஒலிம்பஸின் பனி' என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்ற மூன்றுக்கும் அவசரத்துக்கு வடக்குப் புள்ளி, நடுப் புள்ளி, தெற்குப் புள்ளி என்று பெயர். எல்லாம் புழுதிக்குள் மூழ்கிக் கிடக்கும்போது இவை மட்டும் தெரிகின்றன என்றால், புழுதிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கின்றன என்றுதானே அர்த்தம்? கேமராவை நெருக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் வட்டமான பள்ளம். விண்கல் விழுந்த குழி என்று சொல்லலாம்தான். ஆனால் கோளின் நான்கு பெரிய உச்சிகளைத் தேடிப் பிடித்து, உச்சிக்கு ஒன்றாக விண்கல் விழுமா? விழாது. எரிமலை வாய்கள் அவை.

இந்தத் தொடரில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். படம் கெட்டுப்போனதால்தான் மலை தெரிந்தது. தெளிந்த வானத்தில் வந்திருந்தால் அந்த நான்கையும் இத்தனை சீக்கிரம் தனியாகப் பிரித்துப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

புழுதி இறங்க இறங்க, சந்தனம் காய்ந்து உதிர்வது போல, மேலிருந்து கீழாகச் செவ்வாய் வெளியே வந்தது. ஒலிம்பஸ் மலை எவரெஸ்டைப் போல இரண்டரை மடங்கு உயரம், சுமார் 600 கிலோமீட்டர் அகலம். அதற்குக் கிழக்கே 4,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பிளவு. கலத்தின் பெயராலேயே அதை வாலஸ் மாரினரிஸ் என்கிறார்கள். கிளைகளோடு வளைந்து ஓடும் வறண்ட ஆற்றுப் படுகைகளும் தெரிந்தன. முன்னால் போன மூன்று மாரினர்களும் பறந்த போக்கில் பள்ளங்களை மட்டும் பார்த்துவிட்டு, இது இன்னொரு நிலா, செத்த உலகம் என்று கைவிரித்திருந்தன. அந்தத் தீர்ப்பு ஒரே மாதத்தில் கவிழ்ந்தது. 1972 அக்டோபர் 27-இல், திசைதிருப்ப வைத்திருந்த நைட்ரஜன் வாயு தீர்ந்து மாரினர் மௌனமானபோது, கணக்கில் 7,329 படங்கள்.

புயலில் இன்னொரு சங்கதியும் கிடைத்தது. புழுதி வெயிலை வாங்கிக்கொள்ள, காற்று சூடேறித் தரை குளிர்ந்திருந்தது. அதை மனதில் வைத்திருந்த சேகனும் சகாக்களும் 1983-இல், அணுகுண்டுப் போரின் புகை பூமியை எப்படிக் குளிரவைக்கும் என்று கணக்கிட்டு எழுதினார்கள். 'அணுக் குளிர்காலம்' என்ற பேச்சு உலகமெங்கும் பரவியது அதிலிருந்து.

அதே புழுதி 2018-இல் மறுபடி கோளை மூடியது. 90 நாள் தாங்கினால் போதுமென்று அனுப்பி, பதினான்கு வருஷம் ஓடி, 45 கிலோமீட்டர் கடந்திருந்த ஆப்பர்சுனிட்டி ரோவரின் சோலார் தகடுகளுக்கு வெளிச்சம் கிடைக்கவில்லை; ஜூன் 10-க்குப் பிறகு அது பேசவில்லை. ரோவர் என்றால் இரங்கற் செய்தி எழுதி முடித்துவிடலாம். உள்ளே நான்கு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால்? மனிதர் முதன்முதலாகச் செவ்வாயில் தங்கும்போது மின்சாரத்துக்குச் சூரியனை நம்பாமல் அணு உலையையே முதன்மையாகக் கொள்வது என்று நாசா 2024-இல் முடிவெடுத்ததற்கு இந்தப் புழுதியும் ஒரு காரணம்.

மார்ஸ்-3-க்கு என்ன ஆயிற்று? 2013-இல், நாசாவின் ஆர்பிட்டர் எடுத்த படங்களை இணையத்தில் சலித்துக்கொண்டிருந்த ரஷ்ய ஆர்வலர்கள், அது இறங்கிய வட்டாரத்தில் பாராசூட் போல ஒரு வெளிர்த் துணியையும், கொஞ்சம் தள்ளி லேண்டர் அளவுக்கு ஒரு பொருளையும் கண்டார்கள். அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த லேண்டருக்குள் நாலரை கிலோ எடையில் ஒரு குட்டி ஊர்தி இருந்தது. அதற்குச் சக்கரம் கிடையாது. பனிச்சறுக்குக் கட்டைகளை மாற்றி மாற்றி வைத்து, 15 மீட்டர் கம்பியின் மறுமுனையில் நடக்கும்படி செய்திருந்தார்கள். ஒரு அடிகூட எடுத்துவைக்காமல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

(அடுத்த வாரம்: இறங்கும் இடம் பிடிக்காமல் பதினாறு நாள் தள்ளிப்போட்ட வைக்கிங்)