ஆல்ஃப் கார்னெட்டை அழித்தது யார்?

1968 ஏப்ரல் 20 அன்று பிரிட்டன் அரசியல்வாதி இனாக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். மூன்றே நாளில் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்கு ஆதரவாக நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். தொழிற்சங்கங்கள் வேரூன்றிய இடத்திலிருந்து அந்தக் குரல் எப்படி எழுந்தது? விடை தேடிப்போன என்னை இந்தக் கேள்வி ஒரு நகைச்சுவைத் தொடரிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ 1966 ஜூனில் பிபிசியில் தொடங்கிய தொடர். எழுதியவர் ஜானி ஸ்பைட். கிழக்கு லண்டனின் கேனிங் டவுனில் பிறந்த துறைமுகத் தொழிலாளியின் மகன். கதை நடப்பது அதே கிழக்கு லண்டனின் வாப்பிங்கில். அரச குடும்பத்தைக் கும்பிட்டு, கறுப்பர்களையும் யூதர்களையும் வாய்க்கு வந்தபடி ஏசும் மாமனார் ஆல்ஃப் கார்னெட். எதிரே, லிவர்பூல்காரரான சோஷலிச மருமகன் மைக். இருவரும் ஒரே வீட்டில். ஆல்ஃபாக நடித்த வாரன் மிட்செலே ஒரு யூதர்.

கறுப்பு வெள்ளையில் வந்த பகுதிகள் 1968 பிப்ரவரியோடு முடிந்தன. அதாவது, ஊர்வலத்துக்கு இரண்டு மாதம் முன்பு. எனக்கு வேண்டியவை அவைதான். பழைய நிகழ்ச்சி நிரல்களில் தேதி இருந்தது, நடிகர் பெயர் இருந்தது. பல பகுதிகளுக்குப் படம் மட்டும் இல்லை; அழிக்கப்பட்டிருந்தது.

சந்தேகம் முதலில் மேரி ஒயிட்ஹவுஸ் மீது விழுந்தது. தொலைக்காட்சியைத் தூய்மைப்படுத்தவே இயக்கம் நடத்தியவர் அவர்; இந்தத் தொடரின் கெட்ட வார்த்தைகளைக் கடுமையாக எதிர்த்தவர். ஆனால் தடயங்கள் ஒத்துவரவில்லை. ‘டாக்டர் ஹூ’விலும் யாரையும் புண்படுத்தாத ‘டாட்ஸ் ஆர்மி’யிலும் இதே இடைவெளிகள். 1972இல் வண்ணத்தில் திரும்பிவந்த ஆல்ஃபின் வாய் கொஞ்சமும் அடங்கவில்லை. அந்தப் பகுதிகளோ பிழைத்திருக்கின்றன. ஆக, இது பழிவாங்கல் அல்ல. அன்று இரண்டு அங்குல ஒளிநாடாவின் விலை அதிகம். அழித்துவிட்டு வேறு நிகழ்ச்சியைப் பதியலாம். மறுஒளிபரப்புக்கு ஒப்பந்தக் கட்டுப்பாடுகள் இருந்தன. வண்ணம் வந்தபின் கறுப்பு வெள்ளையை யாரும் கேட்கவில்லை. அதை அழித்தது சிக்கனம்.

பிழைத்தவற்றில் சில தனியார் சேகரிப்புகளிலிருந்து வந்தன. 1967இல் ஒளிபரப்பான ‘ஆல்ஃப்ஸ் டைலமா’ அப்படித்தான் 1997இல் கிடைத்தது. அதில் ஆல்ஃப் உட்கார்ந்து படிப்பது ஒயிட்ஹவுஸின் புத்தகத்தை! படித்து, மனமாரப் பாராட்டுகிறார். தன்னைத் திரையிலிருந்து விரட்டப் பார்ப்பவரைத் தன் கட்சி ஆளாகவே அவர் நம்புகிறார். 2009இல் மேலும் இரண்டு பகுதிகள், 2016இல் முதல் ஆண்டின் ‘இன்டாலரன்ஸ்’ என்று தேடல் தொடர்ந்து பலன் தந்திருக்கிறது.

கிடைத்தவற்றைப் பார்த்தபின் என் கேள்விக்கு ஒரு விடை உறுதியாகிறது. துறைமுகத்துக்கு அந்தக் கோபத்தைப் பவல் கொண்டுவரவில்லை. அவர் பேசுவதற்கு முன்பே அது சாப்பாட்டு மேசையில் உரக்க ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த மண்ணில் பிறந்த ஸ்பைட் அதைக் கேட்டு, நாடே கேட்கும்படி எழுதினார். நாடாளுமன்ற உரைகளை வரி விடாமல் பாதுகாத்த நாடு, வீட்டுச் சண்டையின் இந்தப் பதிவையும் அதே அக்கறையோடு காத்திருக்க வேண்டும். பிளவுபட்ட சமூகத்தின் வரலாற்றை எழுத இரண்டு சான்றுகளும் வேண்டும்.