கவிழ்ந்த பின் நிமிர்வது

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குக் கடற்கரை இல்லை. ஆனாலும் தமிழகத்தின் கடல் வரலாற்றை எழுத முனையும் எவரும் அந்த மண்ணை விட்டுவிட்டு எழுத முடியாது. காரையின் அரித்தோடிய களிமண் பள்ளங்களிலும் கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புச் சுரங்கங்களிலும் கிடைக்கும் அம்மோனைட்டுகளும் சிப்பிகளும், 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்து 7 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே கடல் வந்தும் விலகியும் கிடந்ததற்குச் சான்று. மனிதர் காலத்துக்கு வந்தால், 1025-ஆம் ஆண்டுவாக்கில் கடாரத்தின் மீது கப்பற்படை அனுப்பிய இராசேந்திர சோழனின் தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இந்த நிலப்பகுதிக்குத் தெற்கே கொள்ளிடமும் வடக்கே வெள்ளாறும் எல்லைகளாக ஓடுகின்றன. கொள்ளிடம் பழையாறு அருகே கடலில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கலக்கிறது. இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவில் பிச்சாவரம். சோழர் தலைநகரின் கிழக்கு வாசல் என்று இந்தக் கரையைச் சொன்னால் மிகையாகாது.

மெய்க்கீர்த்தி கலங்கள் கடல் கடந்த பெருமையைச் சொல்லும். வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்லும். கரையருகே அலை மடிந்து விழும் இடத்தில் கலம் கவிழ்ந்தால் அதிலிருந்தவன் என்ன செய்தான் என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. கல்வெட்டுகளே முழுமையாக நமக்கு மிஞ்சவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1836-இல் அணைக்கரையில் கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதிலை இடித்துக் கற்களை எடுத்துப் போனார்கள். அரசர்களின் எழுத்து மௌனமாக இருக்கும் இடத்தில் நாம் கலங்களின் வடிவத்தைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். கவிழ்ந்த பிறகு நிமிர்வது எப்படி என்ற கேள்விக்கு ஒவ்வொரு கடற்கரை மக்களும் கண்ட விடை அவர்களுடைய படகிலேயே பதிந்திருக்கிறது.

இந்தக் கேள்விக்கு உலகம் இன்று ஒரே ஒரு விடையைத்தான் பெரிதாகக் கொண்டாடுகிறது: வடதுருவப் பகுதி மக்களின் கயாக். கவிழ்ந்த கயாக்கிலிருந்து வெளியேறாமல், தலைகீழாகத் தொங்கியபடியே துடுப்பை வீசி இடுப்பைத் திருப்பிப் புரண்டெழும் வித்தை அது. அதைப் பார்த்தவர்கள், நம்முடைய கடலோடிகளிடம் இப்படி ஒன்று இல்லையே என்று கேட்பதுண்டு. இல்லாதது உண்மை. ஆனால் அது திறமையின் குறையன்று. புரண்டெழுதல் என்பது எங்கும் பொருந்தும் ஓர் அசைவு அல்ல. ஒரு குறிப்பிட்ட நீருக்கும் ஒரு குறிப்பிட்ட படகுக்கும் சொல்லப்பட்ட பதில். நீரும் படகும் மாறினால் பதிலும் மாறியாக வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் அசைவை மட்டும் கற்றுக்கொள்பவர், பின்னால் சாய விடாத இருக்கை கொண்ட இன்றைய கடல் கயாக் ஒன்றில் உட்கார்ந்ததுமே தடுமாறிப் போகிறார்.

முதலில் கிரீன்லாந்தைப் பார்ப்போம். அங்கே கடல்நீர் உறைநிலையை ஒட்டியே இருக்கும். அதில் விழுந்தவருக்குக் கைகால் செயல்படும் நேரம் சில நிமிடங்கள்தான். நீச்சல் தெரிந்தாலும் பயன் சொற்பம். வேட்டைக்காரர் கடல்நாய்த் தோலாலான மேலங்கியின் விளிம்பைக் கயாக்கின் வாய்விளிம்போடு இறுகக் கட்டிக்கொள்வார். நீர் உள்ளே புகாது; அவரும் எளிதில் வெளியே வர முடியாது. ஆளும் படகும் ஒரே உடலான பிறகு, கவிழ்ந்தால் இரண்டும் சேர்ந்தே நிமிர வேண்டும். அதோடு, எறியீட்டி பட்ட விலங்கு கயிற்றை இழுக்கும். கயிறு கையில் சுற்றிக்கொள்ளும். துடுப்பு நழுவிப் போகும். எனவே ஒரே ஒரு முறை தெரிந்திருந்தால் உயிர் தப்ப முடியாது. 1765-இல் கிரீன்லாந்து வரலாற்றை வெளியிட்ட டேவிட் கிரான்ட்ஸ் என்ற மொரேவிய சபை ஊழியர், அம்மக்கள் பயிலும் பத்து வகைப் பயிற்சிகளை விவரிக்கிறார். துடுப்பைப் பிடரியில் வைத்து எழுவதும், முதுகுக்குப் பின்னால் பிடித்து எழுவதும், துடுப்பே இல்லாமல் கையால் எழுவதும் அவற்றில் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு விபத்தை முன்கூட்டியே நினைத்துப் பார்த்ததன் விளைவு. இந்தப் பன்மைதான் என் வாதத்துக்கு முக்கியம்.

இனி நம் கரை. சோழமண்டலக் கடற்கரைக்கு இயற்கைத் துறைமுகம் அரிது. வங்கக் கடலின் அலை திறந்த மணற்கரையில் நேராக வந்து உடைகிறது. நீரோ வெதுவெதுப்பானது; அதில் ஒரு மனிதன் மணிக்கணக்கில் கிடக்கலாம். இந்த நீருக்குப் பட்டினவர் முதலான மீனவர்கள் சொன்ன பதில் கட்டுமரம். எடை குறைந்த மரத்துண்டுகளைச் செதுக்கி, வரிசையாக வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டுகிறார்கள். அணியம் மேல்நோக்கி வளைந்திருக்கும். மரங்களுக்கு இடையில் விடப்பட்ட சந்துகள் வழியே நீர் மேலே வரும், கீழே போகும். அதற்கு உள்பக்கம் என்று ஒன்று இல்லை. ஆகவே நீர் நிரம்புவது என்ற ஆபத்தும் இல்லை. அலை தூக்கி எறிந்தால் ஆட்கள் விழுவார்கள், நீந்துவார்கள், மரத்தைப் பிடித்து ஏறிக்கொள்வார்கள். சின்ன மரம் குப்புறக் கிடந்தால் ஓர் ஓரத்தில் எடையை ஏற்றித் திருப்பிவிடலாம். திருப்பிய பிறகு இறைக்க வேண்டிய நீர் ஒரு சொட்டும் இல்லை. கயிறு அறுந்தால்கூட ஒவ்வொரு துண்டும் தனியே மிதக்கும். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் காயவைப்பார்கள். நனைந்து கனத்த மரம் மறுநாள் மிதப்பில் குறையும் என்பது அவர்கள் கணக்கு. வடதுருவத்தில் வேட்டைக்காரனின் உடலுக்குள் இருந்த மீட்பு, இங்கே கலத்தின் கட்டுமானத்துக்குள் இருந்தது.

இது வெறும் கற்பிதம் அல்ல என்பதற்குச் சென்னைக் கடற்கரை சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் எழும்வரை, கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரைக்கு வந்தார்கள். ஆணி இல்லாமல் தேங்காய்நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. மணலில் மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். ஆனால் அது உட்குழிவுள்ள படகு, கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். அதனால் கொந்தளிப்பு மிகுந்த நாட்களில் பயணிகளின் படகுக்குத் துணையாகக் கட்டுமரங்களை உடன் அனுப்பினார்கள். மசூலாவால்கூடப் போக முடியாத கடலில் கட்டுமரத்துக்காரர்கள் கடிதங்களை நனையாத தொப்பிக்குள் வைத்துக் கப்பலுக்குக் கொண்டு சென்றதைப் பல பயணிகள் எழுதியிருக்கிறார்கள். அலை அடித்துத் தள்ளுவதும் அவர்கள் மறுபடி ஏறிக்கொள்வதும் அந்த வருணனைகளில் அன்றாட நிகழ்ச்சியாகவே வருகின்றன.

இதற்கு ஒரு மறுப்பு எழும். கட்டுமரம் தொன்மையான, எளிய கலம். மூடிய தளமும் தோலுறையும் கொண்ட கயாக்கோடு அதை ஒப்பிடலாமா, வேறு செய்யத் தெரியாததால்தானே நம்மவர்கள் மரங்களைச் சேர்த்துக் கட்டினார்கள் என்று கேட்கலாம். வேறு செய்யத் தெரியாதவர்கள் அல்லர் என்பதற்கு மசூலாவே பதில். ஒரே மணலில், ஒரே அலையில், தைத்த படகும் கட்டிய மரமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சரக்குக்கு ஒன்று, ஆபத்துக்கு ஒன்று என்று தெரிந்தே தேர்ந்தார்கள். இன்னொரு மறுப்பில் நியாயம் அதிகம்: மீட்பு மரத்துக்குள் இருந்தால் மனிதனுக்குத் திறமை எதற்கு? இங்கே கவனமாக இருக்க வேண்டும். எந்த அலையின் முதுகில் மரத்தை ஏற்றுவது, எந்த அலைக்குக் காத்திருப்பது, விழும்போது மரத்துக்கும் கரைக்கும் நடுவில் சிக்காமல் எந்தப் பக்கம் விழுவது என்பவை சிறுவயதிலிருந்து உடலில் ஏறிய அறிவு. மரத்தின் முன்பக்கம் விழுந்தவனை அடுத்த அலை மரத்தாலேயே அடித்துவிடும். திறமை இருந்தது. கயாக்கில் அது கவிழ்ந்த பின் துடுப்பில் வெளிப்பட்டது. கட்டுமரத்தில் கவிழ்வதற்கு முந்தைய கணத்திலும் விழும் திசையிலும் வெளிப்பட்டது.

இப்போது பின்னால் சாய்ந்து எழும் முறைக்கு, அதாவது பின்சாய்வுக்கு, வருவோம். புரண்டெழும் வித்தையை ஐரோப்பியர் கற்றது அண்மையில்தான். ஆஸ்திரியாவின் எடி ஹான்ஸ் பவ்லாட்டா, எஸ்கிமோக்களைப் பற்றிய எழுத்துகளைப் படித்துத் தானே முயன்று 1927-இல் எழுந்தார். 1930–31-இல் கிழக்கு கிரீன்லாந்துக்குச் சென்ற ஆங்கிலேயர் கினோ வாட்கின்ஸ் அங்குள்ள வேட்டைக்காரர்களிடம் நேரில் கற்றார். 1932-இல் அதே கரையில் தனியாகக் கயாக்கில் வேட்டைக்குப் போனவர் திரும்பவில்லை. கிரீன்லாந்திலிருந்து பரவியவற்றில் மிகுந்த செல்வாக்குப் பெற்றது, துடுப்பைப் பக்கவாட்டில் வீசி, முதுகைப் பின்தளத்தில் கிடத்தியபடி எழும் முறை. அதன் இயங்குமுறை தெளிவானது. நீருக்குள் இருக்கும்வரை உடலின் எடை பெரும்பாலும் நீரிலேயே தாங்கப்படுகிறது. உடல் வெளியே வரும்போதுதான் பாரம் தெரிகிறது. ஆகவே முதலில் முழங்காலாலும் இடுப்பாலும் படகைத் திருப்ப வேண்டும். உடல் பின்னால் வரவேண்டும். தலை எல்லாவற்றுக்கும் கடைசியாக வரவேண்டும். உடல் படகின் சுழலச்சுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாகப் படகு நிமிரும். கிரீன்லாந்துக் கயாக்கின் பின்தளம் நீர்மட்டத்துக்குச் சற்றே மேலிருக்கும். அதில் முதுகைக் கிடத்துவது இயல்பு. அதாவது பின்சாய்வு அந்தப் பின்தளத்தின் குழந்தை.

இன்று பயணத்துக்கென்று செய்யப்படும் கடல் கயாக்குகள் பலவற்றில் பின்தளம் உயரம்; இருக்கையின் முதுகுத்தாங்கியும் உயரம். முதுகைக் கிடத்த முயல்பவரின் இடுப்பெலும்புக்கு மேலே தாங்கி முட்டுகிறது. உடல் பாதியில் நிற்கிறது. எழ முடியாமல் மறுபடி நீருக்குள் போகிறார். தாங்கியைக் கழற்றிவிட்டுத் தாழ்ந்த பட்டையைப் பொருத்தலாமே என்பார்கள். பொருத்தலாம், ஆனால் தளத்தின் உயரத்தைக் கழற்ற முடியாது. பின்சாய்வுதானே எல்லாவற்றிலும் எளிது, அதை ஏன் விட வேண்டும் என்பதும் உண்மையான கேள்வி. பெரும்பாலோருக்கு உடல் முன்னால் மடிவதைவிடப் பின்னால் நீள்வது சுலபம். தொடைப்பின் தசை இறுகியவர்கள் முன்தளத்தைத் தொடவே முடியாது. ஆனால் பின்னால் சாய்ந்து எழுந்தவர் எழுந்த கணத்தில் முகமும் மார்பும் வானத்தைப் பார்க்கக் கிடக்கிறார். அடுத்த அலைக்குத் துடுப்பு போட அவரால் முடியாது. ஆற்றுக் கயாக்காரர்கள் பாறைக்கு முகத்தைக் கொடுக்காமல் முன்னால் குனிந்து எழப் பழகுவதும் இதனால்தான். கிரீன்லாந்து வேட்டைக்காரர்களிடமே முன்தளத்தோடு ஒட்டிக் குனிந்தபடி துடுப்பை ஆழமாக இழுத்து எழும் முறையும், துடுப்பைப் பின்னிருந்து முன்னோக்கி வீசி எழும் முறையும் இருந்தன. இரண்டாவதில் தொடக்கத்தில் உடலைப் பக்கவாட்டில் முறுக்கி முகத்தை நீரின் அடிப்பக்கம் திருப்பினால் போதும், பின்தளத்தில் படுக்க வேண்டியதில்லை. முழங்கையை உடலோடு ஒட்டி வைக்காவிட்டால் தோள்மூட்டு விலகும் ஆபத்து மட்டும் உண்டு. சுழலச்சுக்கு நெருக்கமாக இருப்பதே நெறி. முன்னும் நெருக்கம்தான், பின்னும் நெருக்கம்தான். தாங்கி பின்வழியை அடைத்தால் முன்வழி திறந்தே இருக்கிறது. பழைய வேட்டைக்காரர் அதைத் தயங்காமல் எடுத்திருப்பார்.

கிரீன்லாந்திலும் இயந்திரப் படகு வந்ததும் கயாக் மறைந்துகொண்டு போனது. 1980-களில் அங்கே கயாக் சங்கம் அமைத்து, ஆண்டுதோறும் போட்டி வைத்து, ஒவ்வொரு புரளலையும் தனித்தனியே செய்துகாட்ட வைத்தார்கள். முன்குனிந்து எழும் முறைகள் இன்று கற்கக் கிடைப்பதற்கு அந்த உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. நம் கரையில் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. மீனவர்கள் செய்தது சரியான தேர்வு. இயந்திரம், தூரம், மீன்பாடு எல்லாமே அதை வேண்டின. ஆனால் கவிழ்ந்த கண்ணாடியிழைப் படகை ஓரிருவர் கடலில் நிமிர்த்துவது அரிது. மீட்பு இப்போது மிதவை அங்கியிடமும் பக்கத்துப் படகிடமும் போய்விட்டது. மரத்தில் தொழில் செய்து மூத்தவர்கள் பழையாற்றிலும் பரங்கிப்பேட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் இருக்கிறது. மீன்களையும் இறால்களையும் பதிவு செய்யும் அதே கவனத்தோடு, எந்த மரம் எந்த இடத்தில் கட்டப்பட்டது, எந்த முடிச்சு அலையில் இறுகும், மரத்தைத் திருப்ப எங்கே மிதித்தார்கள், விழும்போது எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்பவற்றை அவர்களிடம் கேட்டு, செய்துகாட்டச் சொல்லிப் படம் பிடித்து வைக்க வேண்டும்; அவர்கள் மரத்தில் ஏறி இறங்கும் உடல்வலுவோடு இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.